மூணரைப் பேர்

ஆயம்மாள் முதல் தடவை என் கடைக்கு வந்த அன்று மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது. ஐப்பசி முடிகிற நேரத்தில் கீழ் கோத்தகிரி மழை அப்படித்தான். குடை பிடிக்கிறவன்தான் அதிகமாக நனைவான். அவள் குடை பிடிக்கவில்லை. உரமூட்டையின் பிளாஸ்டிக் உறையைத் தலையில் கவிழ்த்திருந்தாள். இடுப்பில் கொழுந்தெடுக்கும் சாக்குப் படங்கைக் கூட அவிழ்க்காமல் மலையிலிருந்து நேராக இறங்கி வந்திருந்தாள். புருஷன் சங்கிலி செத்துப் பதினேழு நாள் ஆகியிருந்தது.

போர்டில் ஜெராக்ஸ் கடை என்று இருக்கும். உண்மையில் நான் விற்பது எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்கிற தகவல். சொந்த ஊர் மேட்டுப்பாளையம். அப்பா உருளைக்கிழங்கு மண்டியில் தரகர். மூட்டையின் வாயில் கை பருமனுக்குக் கிழங்கும் அடியில் கோலிக்குண்டும் இருக்கும் என்று தெரிந்தே வளர்ந்தவன் நான். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவர்கள் நடுவில் வளர்ந்தால் ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். எதிராளி வாயைத் திறக்குமுன் அவன் என்ன சொல்லப்போகிறான் என்று நமக்குத் தெரிந்துவிட்டதாகத் தோன்றும். இந்த விஷயத்தில் வந்த கேடு முழுக்க அந்தப் பழக்கத்தால் வந்தது.

அவள் கேட்டது சின்ன காரியம். சங்கிலி எஸ்டேட் பேக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் சரிவில் நாலு சென்ட் இடம் வாங்கி, கடக்கால் தோண்டி, முழங்கால் உயரத்துக்குக் கல் கட்டு எழுப்பியிருந்தார். அதோடு மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆயம்மாளுக்கு வேலை இன்னும் இரண்டரை வருஷம். வேலை இருக்கிற வரைக்கும் லயத்தில், எஸ்டேட்டின் வரிசைக் குடியிருப்பில், வீடு. ஐம்பத்தெட்டு வயது முடிந்து, பெயரை அடித்த மாசமே சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் அந்தக் கல் கட்டின்மேல் சுவர் எழும்ப வேண்டும். சுவர் எழும்ப அரசாங்க வீட்டுத் திட்டத்தில் பெயர் சேர வேண்டும், அதற்குப் பட்டா அவள் பெயருக்கு மாற வேண்டும், அதற்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும். கடைசியிலிருந்து முதலுக்கு எண்ணினால் எல்லாம் எளிதுதான்.

நாலு மாசத்தில் முடித்துத் தருகிறேன் என்று சொன்னேன். சொல்லும்போதே விண்ணப்பத்தை எடுத்து வைத்துவிட்டேன். வாரிசு என்ற வார்த்தையைக் கேட்டால் தோட்டத்து ஜனங்கள் ஏதோ வழக்கு வந்துவிட்டது போல மிரளுவார்கள். அதனால் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"ஏனுங்கக்கா, ஊட்டுல மொத்தம் எத்தன பேருங்க?"

"மூணரைப் பேரு தம்பி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதென்னுங்க அரை ஆளு?"

"நானு, ரமேசு, ரேகா. அரைப்பேரு செல்லதுரை. அவனுக்கு எடது காலு மடங்காது. எப்பவும் அரைப்பேருதான்."

அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஊனமுற்ற பிள்ளை. தாய்க்காரி அதை விளையாட்டாகச் சொல்கிறாள், மேலே கேட்டுக் கிளற வேண்டாம். வயது மட்டும் கேட்டேன். 'அவனுக்கா, அம்பதுக்கு ஒண்ணு ரெண்டு கொறைய இருக்கும்' என்று அவள் சொன்னது, கூரைத் தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் என் காதில் விழவில்லை. ஆதார் நகலை அப்புறம் கொண்டுவந்து தரச் சொல்லிவிட்டு, உறவு என்ற கட்டத்தில் மகன் என்று எழுதினேன்.

செல்லதுரை மகன் அல்ல. யாருக்குமே மகன் அல்ல.

எழுபத்தெட்டில் பெய்த பெருமழையில் ஒரு லயமே மண்ணுக்குள் போனது. ஆறு வீடு. மூன்றாம் நாள் மண்ணை அள்ளும்போது சங்கிலிக்கு ஒரு கால் தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தால் உயிரோடு ஐந்து வயதுப் பிள்ளை. அதன் அப்பனும் ஆத்தாளும் கூடலூர்ப் பக்கமிருந்து வந்து இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. எல்லாரும் கூடலூரான் என்று கூப்பிட்டார்களே தவிர, பெயர் யாருக்கும் தெரியாது. பெயரெழுதிய செக்ரோல் புத்தகமும் தண்ணீரில் போய்விட்டது. சங்கிலிக்கு அப்போது இருபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. பிள்ளையைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். செல்லதுரை என்று பெயர் வைத்ததும் அவர்தான். ஆயம்மாள் மருமகளாக வந்து இறங்கியபோது ஆரத்தித் தட்டை எடுத்து வந்து கொடுத்ததே அவன்தான். சங்கிலியை அண்ணே என்றான், அவளை அண்ணி என்றான், பிறந்த பிள்ளைகள் அவனைச் சித்தப்பா என்றன.

அரைப்பேர் விஷயம் இது. சங்கிலியின் குடும்பம் சிலோனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். அங்கே தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்று சொல்வார்களாம். கொழுந்து எடை குறைந்தால் கணக்குப்பிள்ளை அரைப்பேர் போடுவார். தகரப்பெட்டியோடு அந்தச் சொல்லையும் இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மடங்காத காலோடு சரிவில் நின்று கொழுந்தெடுப்பவனுக்கு எடை எப்போது நிறையும்? அரைப்பேர் என்பது செல்லதுரைக்கு வீட்டுப் பெயராகவே ஆகிவிட்டது. பக்கத்து லயத்தில் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

விசாரணைக்கு வந்த கிராம அதிகாரியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் தோட்டத்துக்குப் போனபோது ஆயம்மாள் கொழுந்து எடை போடுகிற இடத்தில் நின்றிருந்தாள். தராசு முள்ளின்மேல் ஒரு கண், அதிகாரியின்மேல் ஒரு கண். செல்லதுரை உங்கள் வீடுதானா என்று கேட்டிருக்கிறார். 'எனக்கு முன்னாடியே எங்க வீட்டுக்கு வந்தவன்' என்றிருக்கிறாள். ஆதாரைப் பார்த்தார். கேர் ஆஃப் சங்கிலி. வயதைப் பார்த்தார். மகனுக்கு நாற்பத்தொன்பது, தாய்க்கு ஐம்பத்தைந்து. அவருக்கும் என்னைப் போலவே சட்டென்று விளங்கிவிட்டது. முதல் தாரத்து மகன் என்று குறித்துக்கொண்டு போனார்.

சான்றிதழ் சித்திரையில் வந்தது. கடையில் வைத்து நானே வாசித்துக் காட்டினேன். ஆயம்மாள், இரண்டாவது மனைவி. செல்லதுரை, முதல் மனைவியின் மகன். ரமேஷ், மகன். ரேகா, மகள். ஆயம்மாள் காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "மூத்தவ யாரு தம்பி?" என்று கேட்டாள். அப்படி ஒருத்தி இருந்து தன்னிடம் மறைத்துவிட்டார்களோ என்று ஒரு நொடி அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது முகத்தில் தெரிந்தது.

தன் பெயர் வந்த வரியைச் செல்லதுரையும் காதில் வாங்கியிருந்தான். கடை வாசலில் ஒற்றைக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவன், மறுபடி வாசிக்கச் சொன்னான். இரண்டாவது தடவை வாசித்தபோது எழுந்து நின்றுவிட்டான்.

பட்டா மாற்றப் போனோம். நாலு வாரிசும் கையெழுத்துப் போட வேண்டும், முதல் மனைவியின் இறப்புச் சான்று வேண்டும் என்றார்கள். உருளைக்கிழங்கு மண்டியில் எத்தனையோ வகைச் சரக்கு பார்த்திருக்கிறேன். பிறக்காத ஒருத்திக்கு இறப்புச் சான்று எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. கொடுத்த சான்றிதழை இங்கே திருத்த முடியாது, கோட்டாட்சியரிடம் மேல்மனு போடுங்கள் என்றார்கள். போட்டோம். ஆறு மாசம் கழித்து விசாரணை வந்த அன்று மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. அடுத்த தேதி வருமுன் அதிகாரி மாறிவிட்டார். புது அதிகாரி வந்தபோது தேர்தல் வந்தது. தேர்தல் முடிந்தபோது எங்கள் கோப்பு எந்த அறையில் இருக்கிறது என்று தெரியவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. கோபப்படுவதற்கு ஒரு முகம் கிடைத்தாலாவது மனசு ஆறும், அதுவும் கிடைக்கவில்லை. இரண்டாயிரத்து இருபத்து நாலு பாதி போய்விட்டது. கல் கட்டுக்குள் உண்ணிச்செடி இடுப்பளவு முளைத்துவிட்டது.

கடைசியில் ஒரு குமாஸ்தா தயவாகச் சொன்னார். இதெல்லாம் வேண்டாம், அந்தச் செல்லதுரை நேரில் வந்து நான் மகன் இல்லை என்று வாக்குமூலம் கொடுத்தால் போதும், முதல் மனைவியும் அதோடு போய்விடுவாள்.

இது தெரிந்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்குமே என்று துள்ளிக்கொண்டு லயத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. ஆயம்மாள் அடுப்பில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். தேங்காய் போட்டுப் பிசைந்த கனத்த ரொட்டி, தொட்டுக்கொள்ள மிளகாயும் வெங்காயமும் இடித்த சம்பல். வெறுந்தேத்தண்ணிக்குச் சீனியைக் கையில் கொடுத்தாள். அருவங்காட்டில் ஒப்பந்த வேலை பார்க்கும் ரமேஷ் வந்திருந்தான். செல்லதுரை வாசலில் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். கத்தி கல்லில் உரசும் சத்தம் நின்றது.

"எனக்கு மண்ணு வேணாங்க. எங்க கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுறேன். எழுதுனது இருக்கட்டும்" என்றான்.

கையெழுத்துப் போட்டாலும் பிரயோஜனமில்லை, மூத்த தாரத்தின் சான்று இல்லாமல் நகராது என்று விளக்கினேன். அவனுக்கு விளங்காமல் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு திரும்பவும் அதையே சொன்னான்.

ரமேஷ் எழுந்து வந்தான். "ஏன் சித்தப்பா, அம்மா ரோட்டுல நிக்கணுமா?"

"நான் அப்படிச் சொல்வேனா ரமேசு."

"நேத்து வரைக்கும் சித்தப்பா. இன்னிக்கு எனக்கு மூத்த அண்ணன். நாளைக்கு என்ன, நீங்கதான் அப்பான்னு எழுதிக்கிட்டு வருவீங்களா?"

செல்லதுரை சிரித்தான். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "உன்னைய நான் இந்தத் தோளுல வச்சு பெரட்டுக்களத்துக்குத் தூக்கிட்டுப் போயிருக்கேன்டா. அங்க வேலைக்கு ஆள் எடுக்கும்போது கங்காணி ஒவ்வொருத்தரையும் அப்பன் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவான். இன்னாரு மகன் இன்னாருன்னு. எம்முறை வந்தா, 'டேய் நொண்டி'. நாப்பது வருசம். இப்பத்தான் கவர்மெண்டுல ஒருத்தரு சீல் குத்திக் குடுத்திருக்காரு, சங்கிலி மகன் செல்லதுரைன்னு. அத நானே போயி அழிச்சிட்டு வரணுமா?"

ரமேஷ் கத்தத் தொடங்கினான். சோறு போட்டதையும் காலுக்கு வைத்தியம் பார்த்ததையும் சொல்லிக்காட்டினான். ஆயம்மாள் தோசைக்கரண்டியால் அடுப்பு விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினாள். அவன் நிறுத்திக்கொண்டான்.

நான் அவளைத் தனியே கூப்பிட்டு, நீங்கள் ஒரு வார்த்தை கேட்டால் செய்வான் என்றேன். பேரத்தில் கடைசி ஆயுதம் பெண்பிள்ளையின் சொல் என்று மண்டியில் எல்லாருக்கும் தெரியும்.

"எனக்குத் தெரியும் தம்பி, கேட்டா செய்வான். அதனாலதான் கேக்கல. ஒருத்தன் பேரக் குறைக்கிற வேலை கணக்குப்பிள்ளை வேலை. அத நான் செய்ய மாட்டேன்."

மார்கழி பிறந்தது. ஒரு காலையில் கடையைத் திறக்கும்போது செல்லதுரை படியில் உட்கார்ந்திருந்தான். சங்கிலியின் பழைய கம்பளிக் கோட்டு, தோள் இவனுக்குத் தொங்கியது. முகம் மழித்திருந்தான். யார் சொல்லியும் வரவில்லை, முந்தின நாள் எடை போடுகிற இடத்தில் ஆயம்மாளிடம் கணக்குப்பிள்ளை, 'இன்னும் மூணு மாசந்தான், எந்த ஊருக்குப் போறீங்க' என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். அவளும் சாதாரணமாகவே, திருப்பூரில் மகளுக்கு ஒற்றை அறைதான், பார்க்கலாம் என்றிருக்கிறாள். இவன் பின்னால் வரிசையில் நின்றிருந்தான்.

பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். அன்று பார்த்துக் கோப்பு கைக்குக் கிடைத்தது, அதிகாரியும் இருந்தார். நல்ல மனுஷர், காலைப் பார்த்து உட்காரச் சொன்னார். இவன் உட்காரவில்லை.

"சங்கிலி உங்களுக்கு என்ன உறவு?"

செல்லதுரை என்னைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். கோட்டின் பித்தானைக் கழற்றித் திரும்பப் போட்டான். எழுதுகிற குமாஸ்தா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார்.

"உறவு இல்லீங்க. ஒரே லயத்துல குடியிருந்தோம்."

அதை எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கையெழுத்துப் போடத் தெரியும் அவனுக்கு. சங்கிலி கற்றுக்கொடுத்தது. உத்தரவு வர எட்டு வாரம் ஆகும் என்றார்கள். எட்டு வாரம் என்றால் மாசியில் பட்டா, பங்குனிக்குள் சுவர் எழும்ப ஆரம்பித்துவிடும், எஸ்டேட்டில் கெஞ்சி ஒரு மாசம் தவணை வாங்கலாம் என்று திரும்பும் வழியெல்லாம் கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். காரியம் முடிந்த உற்சாகம். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது அவன் மெதுவாகக் கேட்டான்.

"அப்ப அந்த அரையும் போச்சுங்களா?"

வாய் ஓயாத நான் பஸ் டிக்கெட்டை நாலாக மடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அவன் லயத்து வீட்டுக்குப் போகவில்லை. உறவு இல்லை என்று அரசாங்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு அந்த வீட்டில் எப்படிப் படுப்பது என்று கேட்டானாம். கல் கட்டுக்குப் பக்கத்தில் சிமெண்ட் மூட்டை வைக்க சங்கிலி போட்ட தகரக் கொட்டகை இருந்தது. அங்கே போய்ப் படுத்துக்கொண்டான். உண்ணிச்செடியை வெட்டித் தள்ளினான். சரிந்திருந்த கற்களைத் தூக்கிக் கட்டினான். காட்டுமாடு உள்ளே வராமல் முள் அடைத்தான். ஆயம்மாள் காலையும் மாலையும் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோவாள். வீட்டுக்கு வாடா என்பாள். 'கடக்காலுக்குக் காவல் வேணும் அண்ணி' என்பான். தை மாசத்துக் குளிர் தகரத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஒன்றுதான். முதலில் இருமல். பிறகு நெஞ்சில் சளி. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். மருந்து வாங்கிக்கொண்டு கொட்டகைக்கே திரும்பினான். தை இருபதாம் தேதி காலையில் ஆயம்மாள் தூக்குச்சட்டியோடு போனபோது, கல் கட்டில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விறைத்திருந்தான். மடங்காத காலை நீட்டி வைத்திருந்தான்.

நாலாம் நாள் கடைக்கு வந்தார்கள், ஆயம்மாளும் ரமேஷும். ரமேஷ் தலையை மழித்திருந்தான். கொள்ளி வைத்தது அவன்தான். சித்தப்பனுக்கு மொட்டை போடும் வழக்கம் அவர்களில் இல்லை.

இறப்பைப் பதிய வேண்டும். விண்ணப்பத்தை எடுத்தேன். பெயர், செல்லதுரை. வயது. இறந்த இடம், அங்கே கொஞ்சம் தயங்கி, சொந்த வீடு என்று போட்டேன். அடுத்த கட்டம், தந்தை பெயர்.

இந்தத் தடவை வேகம் காட்டவில்லை. பேனாவை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"சங்கிலின்னு எழுதுங்க" என்றாள்.

நான் விளக்கினேன். உத்தரவு இன்னும் கையெழுத்தாகவில்லை. மகன் இல்லை என்று அவனே கொடுத்த வாக்குமூலம் ஒரு கோப்பில் இருக்கிறது. இன்னொரு அரசாங்கக் காகிதத்தில் அதே ஆளுக்குத் தகப்பன் சங்கிலி என்று வந்தால் எந்தக் குமாஸ்தாவும் கேள்வி போடாமல் விட மாட்டான். திரும்ப முதலிலிருந்து விசாரணை. அதோடு செத்துப்போன வாரிசுக்கு வாரிசு யார் என்று தனியாக ஒரு சான்று. மூத்த தாரமும் திரும்ப வந்துவிடுவாள். குறைந்தது இரண்டு வருஷம். உங்களுக்கு இருப்பது இரண்டு மாசம். தெரியாது என்று எழுதினால் ஒரு குற்றமும் இல்லை, கூடலூரான் பெயர் உண்மையிலேயே யாருக்கும் தெரியாது, அதுதான் சத்தியமும்கூட.

எல்லாவற்றையும் கேட்டாள். வெளியே கோத்தகிரி பஸ் வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது.

"வீடு கட்டாமயே போகட்டும் தம்பி. ரேகா ஊட்டு மூலையில ஒரு பாய் விரிக்க எடம் இருக்கும். அவன் அந்தக் கல்லுல சாஞ்சுதான் போனான். எனக்கு அங்க சொவரு எழும்பி என்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டுப் படங்கின் முடிச்சை இறுக்கினாள். வேலைக்கு நேரமாகியிருந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். "முழுப்பேராப் போடுங்க."

எழுதினேன். எழுத்து தெளிவாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கொழுந்துக் கறை ஏறிய விரலை அந்தக் கட்டத்தில் வைத்து, "இதுதானே?" என்று கேட்டாள்.

"அதேதானுங்க" என்றேன்.

மை காயவில்லை, விரலை எடுங்கள் என்று சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை.